அடைக்கூடைக்குக் கீழே

எதிர்வீட்டுச் சிறுமிக்கு டெங்கு என்று தெரிந்த அன்று மாலையே மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா, நாங்கள் சித்தி முறை வைத்து மாசிமா என்று கூப்பிடுகிறவர், எங்கள் பின்பக்கக் கதவைத் தட்டினார். வழக்கமாக அவர் தட்டுவதில்லை. நேராக உள்ளே வந்து, அம்மாவிடம் இரண்டு வாத்து முட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார். அன்று வாசலைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே குட்டையைப் பார்த்தார். வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தன.

“ஞாயித்துக்கிழமை நகராட்சி ஆளுங்க வராங்க. உன் பக்கம் ஒரு கொசுப்புழு கிடைச்சாலும் போதும், இந்தக் குட்டையை மூடிடுவேன். வாத்து, கோழி எல்லாம் போயிடணும். தெருவில என்னால தலைகாட்ட முடியல.”

“குட்டையில புழு இருக்காது மாசிமா. வாத்து மேயற தண்ணியில...”

“அந்தப் பாடத்தை எல்லாம் பாலிகஞ்ச்ல வச்சுக்கோ. அங்க உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க.”

வங்காளத்தில் இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குட்டையை மூடிக் கார் நிறுத்தும் இடமாக்கச் சொல்லி அவருடைய மகன் பெங்களூரிலிருந்து போனில் வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருக்கிறார். மாசிமா இதுவரை இணங்காமல் இருந்ததற்கு முட்டைக்குழம்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது. இப்போது மகனுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

நாங்கள் இருப்பது கல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில், சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில். அப்பா யார்டில் தண்டவாளம் பார்க்கும் வேலைக்காகச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா கல்யாணமாகி வந்தாள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். தாவரவியலில் முதுகலை முடித்து, பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சந்தில் எல்லோரும் என்னைத் திதிமணி, அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல்முறை ஒரு காய்கறிக்காரர் அப்படிக் கூப்பிட்டபோது அப்பா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குட்டையும் அதைச் சுற்றிய நிலமும் மாசிமாவுடையவை. நாங்கள் குடிவந்தபோது அங்கே உடைந்த செங்கலும் பாலித்தீன் பைகளும்தான் கிடந்தன. வேலை கிடைத்த வருஷம் நான் அதைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். நர்சரியிலிருந்து ஒரு செடிகூட வாங்கவில்லை. யார்டை ஒட்டி ஓடும் கால்வாய்க் கரையில் தானாக முளைப்பதை மட்டும் கொண்டுவந்து வைத்தேன். கரையோரம் நீர்முள்ளி, ஆரைக்கீரை, வல்லாரை. வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும். மூலையில் ஓர் அகத்தி, கதவருகே ஒரு பவளமல்லி. நான் ஒரு செடியைப் பிடுங்கிவந்து அதன் லத்தீன் பெயரைச் சொல்லும்போது, அம்மா அதன் இலையைக் கசக்கி மோந்துபார்த்து, “ஏட்டி, இது எங்க ஊர்ல வரப்பு பூரா கெடக்குமே” என்பாள். மாசிமா மாடியிலிருந்து எட்டிப்பார்த்து வங்காளப் பெயரைச் சொல்லுவார், கூடவே அதைச் சமைக்கும் விதத்தையும்.

கோழி அம்மாவின் ஆசை. வாத்து என்னுடையது. நத்தைகள் வல்லாரையை ஓட்டை ஓட்டையாகத் தின்றதால் வாத்து வாங்கினேன். வாத்து நத்தையைத் தின்றது, பிறகு குட்டையில் படர்ந்திருந்த வள்ளைக்கீரைக் கொழுந்தையும் தின்றது. குட்டையில் பாதிக்கு வலை கட்டினேன். கோழிக்கும் நாற்றுக்கும் ஆகவே ஆகாது. புதிதாக எதை நட்டாலும் அதன் தூரைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பழைய கூடையைக் கவிழ்க்க வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் வாத்து, மத்தியானத்துக்கு மேல் கோழி. குட்டையின் அடிச்சேறு செடிகளுக்கு. செடிகளின் பூச்சி பறவைகளுக்கு.

எதிர்வீட்டுச் சிறுமி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் அறிவியல் படிக்க வருவாள். ஆறாம் வகுப்பு. பாடம் முடிந்ததும் குட்டைக்கரைக் கல்லில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாத்துகளுக்குத் தவிடு போடுவாள். அரைப்பாவாடை, வெறுங்கால். சந்தில் எல்லோரும் அவளை அங்கே பார்த்திருக்கிறார்கள். அவள் அம்மாவை நான் பௌதி என்று கூப்பிடுவேன், நம் ஊரில் அண்ணி என்பதுபோல. பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், மாற்றுத்துணி எடுக்க வந்த பௌதியை வாசலில் பார்த்தேன். எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன்.

“பிளேட்லெட் இறங்குது” என்றார். பூட்டைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், “படிச்ச வீடுன்னுதான் அனுப்பினேன்” என்றார்.

 அந்த வாக்கியம் பஸ்ஸில் பாலிகஞ்ச் வரைக்கும் என்னுடன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நானும் அம்மாவும் பின்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் துடைத்தோம். பூந்தொட்டிகளின் அடித்தட்டை எல்லாம் எடுத்துக் கவிழ்த்தோம். தேங்காய்ச் சிரட்டை, பெயிண்ட் டப்பா, உடைந்த வாளி எல்லாம் குப்பைக்குப் போயின. கோழிகள் தண்ணீர் குடிக்கும் மண்சட்டியைத் தேங்காய்நாரால் தேய்த்தோம். அகத்தி மரத்தில் கிளை பிரியும் இடத்தில் ஒரு பொந்து இருந்தது. அதைக்கூட மண்ணால் அடைத்தேன்.

“மொட்டமாடில டேங்கு வச்சிருக்காவ, மூடி கெடையாது” என்று அம்மா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு புலம்பினாள். “சந்து முக்கு கிளப்பு பயலுவ டயர அடுக்கி வச்சிருக்கானுவ. அதெல்லாம் யாரு கண்ணுலயும் படல. நம்ம வாத்து மட்டும்தான் இவளுவளுக்குத் தெரியுது.”

“அங்கயும் பாப்பாங்கம்மா.”

“பாப்பாவ, பாப்பாவ. கைல அழுக்குப் படக்கூடாதுன்னு கைய கட்டிக்கிட்டுப் பாப்பாவ.”

நாங்கள் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்றைத்தான். அடைக்கோழி.

வாத்து முட்டையிடும், அடைகாக்காது. குஞ்சு வேண்டுமென்றால் நாட்டுக்கோழிக்கு அடியில்தான் வைக்க வேண்டும். ஆவணி மழைக்கு முன்பு எங்கள் கறுப்புக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. அம்மா ஒரு மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டைகளை அடுக்கி, இடிக்குக் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போட்டு வைத்தாள். நான் சிரித்தேன். “சிரிட்டி, சிரி. கரிக்குத் தெரியும்” என்றாள். வாத்து முட்டைக்கு ஈரம் வேண்டும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அதை அவள் உடனே ஏற்றுக்கொண்டாள். தினமும் கோழி தீனிக்கு இறங்கும்போது முட்டைகளின் மேல் கையால் தண்ணீர் தெளித்தாள்.

முதல் பெருமழையில் சந்து முழுவதும் முழங்கால் தண்ணீர். சாக்கடை நீர் கோழிக்கொட்டகைக்குள் ஏறியது. கூடையைத் தரையில் வைக்க முடியவில்லை. கொட்டகைக்குள்ளேயே ஒரு மூலையில் அம்மாவின் ஆட்டுக்கல் இருந்தது. கல்யாணமாகி வந்தபோது அவள் ஊரிலிருந்து கொண்டுவந்தது. ஹவுரா ஸ்டேஷனில் போர்ட்டர் அதைத் தூக்க மாட்டேன் என்று சொல்ல, அப்பா தலையில் சும்மாடு வைத்துத் தானே தூக்கி வந்தாராம். கிரைண்டர் வந்தபிறகு அது கொட்டகைக்குப் போய்விட்டது. குழவியைத் துணிதுவைக்கிற கல் பக்கத்தில் போட்டுவைத்திருந்தோம். அம்மா கூடையைத் தூக்கி ஆட்டுக்கல்லின் மேல் வைத்தாள். கூடையின் அடி, குழியின் வாயில் செய்துவைத்தாற்போல் உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை. நல்ல யோசனை என்று நானே சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கூடையை யாரும் தூக்கவில்லை. அடைக்கூடையை யாரும் தூக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. நகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டியும் தட்டும். மாசிமா குடையுடன் முன்னால் வந்தார். பின்னால் கிளப் பையன்கள் நாலைந்து பேர், வேடிக்கை பார்க்க. எல்லோருக்கும் பின்னால் பௌதி. ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தவர், ஈரத்தலையோடு நின்றார்.

அப்பா டியூட்டியில் இருந்தார். அம்மா கொட்டகை வாசலில் நின்றுகொண்டாள்.

அந்தப் பெண்கள் குட்டையில் கரண்டியை விட்டார்கள். கரையோரம், ஆரைக்கீரைக்கு நடுவில், மாசிமா கைகாட்டிய இடத்தில். ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் தட்டில் ஊற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு நத்தை வந்தது. பாசி வந்தது. ஒரு தண்ணீர்ப் பூச்சி குதித்து ஓடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வலைக்குள் வாத்து போகாத இடத்திலும் பாருங்கள் என்று கரண்டியை வாங்கி நானே மொண்டு ஊற்றினேன். அங்கே குட்டி மீன்கள்தான் இருந்தன. எந்த மீன் புழுவைத் தின்னும், எது தின்னாது என்று சொன்னேன். வகுப்பில் பேசுவதைவிடச் சத்தமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

டார்ச் வைத்திருந்தவர் சிரித்தார். “திதிமணி, எங்க வீட்டுக் குடிதண்ணிப் பானையைவிட உங்க குட்டை சுத்தமா இருக்கு.”

“அப்ப நாளையிலேருந்து இங்கேயே மொண்டுக்க வாங்க தீதி” என்றான் ஒரு கிளப் பையன். மற்றவர்கள் சிரித்தார்கள். மாசிமாவின் முகம்கூட இளகியது. பௌதி சிரிக்கவில்லை.

தொட்டிகளைப் பார்த்தார்கள். செங்கல் இடுக்குகளைப் பார்த்தார்கள். கொட்டகைக்குள் நுழைந்தார்கள். கறுப்புக்கோழி உடம்பை உப்பிக்கொண்டு தொண்டைக்குள் உறுமியது.

“கொத்தும், கொத்தும்” என்றாள் அம்மா, அவளுடைய அரைகுறை வங்காளத்தில். “முட்டை இருக்கு.”

கரண்டிக்காரர் இரண்டடி பின்வாங்கினார். “கொத்தினா ஊசி போடணும். வேண்டாம்பா.” மண்சட்டிக்குள் டார்ச் அடித்தார். காலியாக இருந்தது. கூரையைப் பார்த்தார். திரும்பினார்கள். முடிந்தது. 

அப்போதுதான் அம்மாவின் முன்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அம்மா அதை அடிக்கவில்லை, கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கறுப்பு உடம்பு. பின்னங்கால் இரண்டும் மேலே வளைந்திருந்தன, கால்களில் வெள்ளை வளையங்கள். கரும்பலகையில் டெங்குக் கொசு என்று நான் எத்தனையோ முறை வரைந்த கால்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், கொட்டகைக்குள். எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். கூடையின் அடிக்கும் கல்லின் விளிம்புக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் ஒரு விரல் இடைவெளி. அதிலிருந்து இன்னொன்று மெதுவாக வெளியே வந்து, கோழியின் வாலுக்குப் பின்னால் எழும்பி மறைந்தது.

தினமும் அம்மா தெளித்த தண்ணீர். தகரக் கூரையின் ஆணி ஓட்டையில் சொட்டிய மழை. இரண்டும் வைக்கோல் வழியாக, மூங்கில் வழியாக எங்கே இறங்கியிருக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த ஒரு நொடியை இத்தனை நாளாக நான் யோசிக்கவில்லை.

அம்மா என் கண்ணைப் பின்தொடர்ந்து கூடையைப் பார்த்தாள். உடனே முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, சாப்பாட்டு விஷயம் பேசுகிற குரலில் தமிழில் சொன்னாள்:

“ஏட்டி, அங்கன பாக்காத.”

“அம்மா, கல்லுக்குள்ள தண்ணி இருக்கா?”

“சிரிச்சிக்கிட்டே பேசு. இவியளுக்கு வெளங்காது. இருக்கும்போலதான் தெரியுது.”

“அம்மா...”

“காலைலதான் ரெண்டு முட்டையில கீறல் விட்டிருக்கு. உள்ள குஞ்சு கத்துது. இப்பப் போயி கூடைய அசைச்சா அம்புட்டும் போயிரும். குட்டையும் போயிரும். இவிய அங்கிட்டு போகட்டும், நான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணிய ஊத்திக் கழுவிப்புடுதேன். ஒரு புழு மிஞ்சாது. வாய மூடிக்கிட்டு நில்லு தாயீ.”

அவள் சொன்னதில் தப்பில்லை. புழுவைக் கொல்வதுதான் காரியம் என்றால் அவள் கொன்றுவிடுவாள், நகராட்சியைவிட நன்றாகவே. ஆனால் பறந்துபோனவை இருக்கின்றன. இங்கே புழு இருந்தது என்று தெரிந்தால் சுற்றியுள்ள வீடுகளுக்குள் எல்லாம் மருந்தடிப்பார்கள். தெரியாவிட்டால் அடிக்க மாட்டார்கள். அந்த வீடுகளில் இன்னும் குழந்தைகள் இருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே நான் சிரித்த முகத்தோடு நின்றேன். வாத்துகள் கரையேறி என் காலருகே வந்து, தவிடு கேட்டுக் கத்தின.

அந்தப் பெண்கள் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். மாசிமா குடையை விரித்தார்.

“திதிமணி.”

பௌதி. அவர் நகரவில்லை. இவ்வளவு நேரமும் அவர் குட்டையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அவங்க பார்த்தது போதுமா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். இந்த வீட்டில வேற எங்கேயும் இல்லையா?”

மாசிமா “அதான் பாத்தாச்சே” என்று ஆரம்பித்தார். பௌதி அவர் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவின் விரல்கள் என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தன. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தன.

“இன்னும் ஓர் இடம் இருக்கு” என்றேன்.

அம்மாவுக்கு அந்த அளவு வங்காளம் புரியும். துப்பட்டாவை விட்டாள்.

நான் கொட்டகைக்குள் போய்க் கூடைக்குக் கை நீட்டியதும் கோழி என் மணிக்கட்டில் கொத்தியது. “தள்ளு” என்றாள் அம்மா பின்னாலிருந்து. முந்தானையைக் கோழியின் தலைமேல் போட்டு, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கினாள். “தூக்கணும்னா ஒழுங்காத் தூக்கு. சாய்க்காத.” நான் கூடையைத் தூக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துத் துப்பட்டாவால் மூடினேன். முட்டைகள் சூடாக இருந்தன. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல் என் வயிற்றில் அதிர்ந்தது.

டார்ச் ஆட்டுக்கல்லின் குழிக்குள் இறங்கியது. தேநீர் நிறத்தில் தண்ணீர், வைக்கோல் துணுக்குகள். வெளிச்சம் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.

 கரண்டிக்காரர் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றி, கிளப் பையன்கள் பக்கம் நீட்டிக் காட்டினார். ஒருவன் எட்டிப்பார்த்துவிட்டுத் தள்ளிப்போனான்.

“இது என்ன கல்?” என்றார் டார்ச்காரர்.

“எங்க ஊர்ல மாவு ஆட்டறது” என்றேன். 

“ஆச்சு” என்றார் மாசிமா. “நான் சொன்னது சொன்னதுதான்.”

“மாசிமா, குட்டையில ஒண்ணும் இல்ல. நீங்களே பாத்தீங்க.”

“குட்டைன்னா சொன்னேன்? உன் பக்கம்னு சொன்னேன்.” பிறகு பௌதியைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. உன் பொண்ணுதான் படுத்துக் கிடக்கறா. மூடவா, வேண்டாமா? நீ சொன்னபடி செய்யறேன்.”

பௌதி குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பெண்ணைக் கடித்த கொசு இந்தக் குழியிலிருந்து போனதா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, யாராலும் சொல்ல முடியாது. அன்றே கிளப்பின் டயர்களிலும் ஒரு மாடித் தொட்டியிலும் புழு கண்டுபிடித்தார்கள். ஆனால் அப்போது எங்கள் முன்னால் இருந்தது இந்தத் தட்டு மட்டும்தான்.

“முதல்ல அவ வீட்டுக்கு வரட்டும்” என்று சொல்லிவிட்டு பௌதி போய்விட்டார்.

மருந்தடித்தார்கள். எங்கள் வீடு, பௌதியின் பூட்டிய வீட்டின் வெளிப்புறம், இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். அம்மா ஆட்டுக்கல்லைச் சாய்க்கப் போனாள், முடியவில்லை. கிளப் பையன்கள் உதவ வந்தார்கள். “தொடாதிய” என்றாள் தமிழிலேயே. அவர்களுக்குப் புரிந்து நின்றுவிட்டார்கள். நானும் அவளும் சேர்ந்து புரட்டினோம். கொதிநீர் ஊற்றித் தேய்த்தாள்.

“கல்லு என்னட்டி செஞ்சுது” என்றாள். என்னிடமா, கல்லிடமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு என்னுடன் பேசவில்லை.

கூடையை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். கோழி வெகுநேரம் ஏறவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தது. இருட்டும்போதுதான் ஏறியது. அடுத்து வந்த நாட்களில் முட்டைகளில் பாதி பொரிந்தன. மற்றவற்றில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. அம்மா அவற்றை எடுத்துக்கொண்டுபோய் அகத்தி மரத்தடியில் புதைத்தாள். கூடையைத் தூக்கியதால்தான் செத்தன என்று அவள் சொல்லவில்லை. வாத்து முட்டை எப்போதும் எல்லாம் பொரிவதில்லை என்று நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சந்து முனையில் ஒரு வண்டி கட்டட இடிபாடு வந்து இறங்கியது. மாசிமாவின் மகன் ஏற்பாடு. செங்கல், உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டிகள். குட்டையை மூட அது போதும். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பௌதியின் வீடு பூட்டியே இருந்தது. ஆஸ்பத்திரிச் செய்தி மருந்துக்கடைக்காரர் மூலமாகத்தான் வரும். பிளேட்லெட் இன்னும் இறங்குகிறது. ஏற்றியிருக்கிறார்கள். இன்று நின்றிருக்கிறது. நான் வகுப்பில் பாதிப் பாடத்தில் நிறுத்திவிட்டு, என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

ஒருநாள் அப்பா குவியலைக் காட்டி, “போனா போகட்டும், விடு” என்றார். “வாத்த சந்தையில குடுத்துருவோம்.” அம்மா அடுப்பிலிருந்து திரும்பி, “நீரு சும்மா இரும்” என்றாள். அந்த வாரம் எனக்காக அவள் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

சந்தில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது சிறுமி வீட்டுக்கு வந்தாள். ரிக்ஷாவிலிருந்து அவளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். போகவில்லை. கூப்பிடாமல் போகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பௌதி வந்தார். கையில் ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம், அவர் வீட்டில் மாவு பிசைகிற கிண்ணம். மாடியில் மாசிமா வந்து நின்றார். குட்டைக்கு இன்றுதான் முடிவு என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் கொட்டகைக்குப் போனார். ஆட்டுக்கல் சரிந்து கிடந்தது, குழி சுவரைப் பார்த்தபடி. குனிந்து கையை விட்டுத் தடவிப்பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு குட்டைக்கு வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய பெண் உட்காருகிற கல்லிலேயே உட்கார்ந்து, கிண்ணத்தை முக்கி எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஊற்றினார். வேறு இடத்தில் முக்கினார். மூன்றாவதோ நாலாவதோ முறை அவர் கை நின்றது.

“இது என்ன?”

நான் பக்கத்தில் போனேன். கிண்ணத்தின் அடியில் ஏதோ அசைந்தது. பழுப்பு நிறம், நெல்மணி அளவு, பக்கத்துக்கு மூன்று கால்கள். தெரியாதவர் யார் பார்த்தாலும் புழு என்றுதான் சொல்வார்கள். மாடிக் கம்பியின் மேல் மாசிமா சாய்ந்தார். சந்து முனையில் குவியல் இருக்கிறது என்பது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

“தட்டான் குஞ்சு” என்றேன். “கொஞ்ச நாள்ல செடியில ஏறித் தோலை உரிச்சிட்டுப் பறந்துடும். இது கொசுப்புழுவைத் தின்னும்.” இன்னும் சொல்ல நிறைய இருந்தது. சொல்லவில்லை.

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், அன்று கொட்டகை வாசலில் பார்த்ததுபோலவே. பிறகு கிண்ணத்தை மெதுவாகக் குட்டைக்குள் சாய்த்தார்.

“குட்டை இருக்கட்டும் மாசிமா” என்று மேலே பார்த்துச் சொன்னார். “வாராவாரம் நான் வந்து பாப்பேன்.”

“உன் இஷ்டம்” என்றார் மாசிமா. உள்ளே திரும்பிக்கொண்டே, “அந்த இடிபாட்டை வச்சுச் சந்துப் பள்ளத்தையாவது மூடச் சொல்றேன்” என்றார்.

கறுப்புக்கோழி வளர்த்த வாத்துக்குஞ்சுகள் இப்போது பெரிதாகிவிட்டன. அவை முதல்முறை குட்டையில் இறங்கியபோது கோழி கரையில் அங்கும் இங்கும் ஓடிக் கதறியது. பௌதியின் பெண் அதை ஜன்னலிலிருந்துதான் பார்த்தாள், இன்னும் அவளை வெளியே விடவில்லை. பாடத்துக்கு நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். டீ கொடுக்கிறார்கள். பௌதி என்னைப் பழையபடி இன்னும் சிரித்துக் கூப்பிடவில்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் வருகிறார். அம்மா அவரைத் தூரத்தில் பார்த்ததும் உள்ளே குரல் கொடுப்பாள்: “ஏட்டி, எந்திரி. ஒனக்குப் பரிச்ச வைக்க வந்தாச்சு.” நான் வெளியே வந்து, ஒரு கை தூரத்தில் நிற்பேன். வாத்துகள் விலகிப் போகும். கிண்ணம் தண்ணீருக்குள் இறங்கும்போது நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அது மேலே வந்து, அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி குட்டைக்குள் சாய்க்கும்வரை விடுவதில்லை.